இல்லை என்று சொல்லி வளர்ந்த ஊர்

நல்லாண்டிபுரம் நகராட்சியில், வீடில்லாதவர்களுக்கு ஒரு தங்குமிடம் கட்டுவது பற்றிப் பேசக் கூடிய அந்தக் கூட்டத்தில், வார்டு உறுப்பினர்கள் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் எழுந்து "எங்க வார்டுல இடமில்ல" என்று சொல்லச் சொல்ல, கூட்ட அரங்கம் அகலமாகிக்கொண்டே போனது.

முதலில் அதைக் கண்டுகொண்டது டீத் தட்டோடு வந்த கேன்டீன்காரர்தான். ஒரு நாற்காலியிலிருந்து அடுத்த நாற்காலிக்கு ஓர் எட்டில் போய்விடுகிறவர் அன்றைக்கு நடையாய் நடந்தார். கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் டீயில் ஆடை படிந்துவிட்டது. கிழக்குச் சுவர் மேற்குச் சுவரை விட்டு நகர்ந்து போக, நடுவில் வழவழவென்று புதுத் தரை பிறந்து வர, எதிர்வரிசைக்காரர்களிடம் கத்திப் பேசினால்தான் கேட்கும் என்று ஆனபோதும், யாரும் எழுந்து ஓடவில்லை. பதினாலாம் வார்டு உறுப்பினர் மட்டும் எழுந்து, ஃபேனெல்லாம் தூரமாகப் போய்விட்டதாகவும் தனக்குக் காற்று வரவில்லை என்றும் ஆட்சேபம் தெரிவித்தார். வேறு ஃபேன் போட ஆவன செய்யப்படும் என்று மேலாளர் பதில் சொன்னார்.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உலகம்மாளுக்கு மட்டும் நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தில் அடிக்கவில்லை. திருவிழாவில் தேர் முதல் தடவை அசைகிறபோது வடத்தைப் பிடித்திருக்கிறவர்களுக்கு உள்ளங்கையிலிருந்து தோள் வரைக்கும் ஒன்று ஏறுமே, அந்த மாதிரி அடித்தது.

உலகம்மாள் மாவு மில்காரர் வீட்டுப் பெண். தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது, வீட்டுக்காரர் பின்னாலிருந்து நடத்திக்கொள்வார் என்று நினைத்துத்தான் ஊர் அவளை நிறுத்தியது. ஆனால் அவள் புருசனோ புருவமெல்லாம் மாவாக நின்று, "மில்ல விட்டுட்டு நான் வரமாட்டேன் தாயி, நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டார். அவளும் பார்த்துக்கொண்டாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனது.

அந்தத் தங்குமிடத் திட்டத்தை அவளும் ஆணையர் ஹமீதாவும் மாதக்கணக்கில் உட்கார்ந்து போட்டிருந்தார்கள். தெருவில் கிடக்கிற எவரும் எந்த நேரமும் உள்ளே வந்து குளித்து, சாப்பிட்டு, படுத்து எழுந்து போக ஒரு பெரிய கட்டடம். அதன் பக்கத்திலேயே, குடும்பத்தோடு இருக்கிறவர்கள் ஒரு வருசமோ ரெண்டு வருசமோ தங்கி, ரேசன் கார்டு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, வேலை ஒன்று பிடித்து, தாங்களாகவே ஒரு வாடகை வீட்டுக்குப் போகும் வரைக்கும் இருக்க ஓர் அறையும் அடுப்படியுமாகச் சின்னச் சின்ன வீடுகள். மேலே எல்லாரும் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஊர் காட்ட வேண்டியது மண் மட்டும்தான். மாசக் கடைசிக்குள் காட்டாவிட்டால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும்.

அதனால்தான் அவள் அன்றைக்கு யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஞானப்பூவைக் கூட்டிக்கொண்டு வந்து அரங்கத்தின் நடுவில் நிறுத்தினாள்.

"இவங்களப் பத்தித்தான் பேசுதோம். இவங்களே கேக்கட்டும்" என்றாள்.

ஞானப்பூ சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டு, கொண்டையை இறுக்கி முடிந்தவள். பஸ் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடி வெள்ளரிப்பிஞ்சு விற்பாள். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி முறுக்கேறிய தொண்டை. அவள் புருசன் தாவீது கம்பி கட்டுகிற வேலையில் மூணாவது மாடியிலிருந்து விழுந்து இடுப்பு போனபிறகு, வாடகைக்கு யாரும் வீடு தராமல், இரண்டு பேரும் டைம் கீப்பர் அறைக்குப் பின்னால் சாக்கு கட்டிக் குடியிருந்தார்கள். அவள் யாரிடமும் அழவில்லை. ஒவ்வொருத்தர் முன்னாலும் போய் நின்று, "அண்ணாச்சி, உங்க வார்டுல எங்களுக்கு ஒரு இடம் இருக்கா?" என்று கேட்டாள். ஒவ்வொருத்தரும் இல்லை என்றார்கள். கூட்டம் முடியும்போது அந்த அரங்கத்துக்குள் நாலு பஸ்ஸை நிறுத்தித் திருப்பலாம் போலிருந்தது.

துணைத்தலைவர் சிவனணைந்த பெருமாள்தான் எல்லாரையும்விடச் சத்தமாக இல்லை என்றவர். ஊரிலேயே பெரிய கல்யாண மண்டபம் அவருடையது. "குப்பைக் கிடங்குக்கு அந்தாண்ட போட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல" என்பது அவருடைய யோசனை. கூட்டம் கலைந்து அவர் மண்டபத்து வாசலில் வந்து இறங்கியபோது, ஞானப்பூவும் வெள்ளரிக் கூடையோடு விறுவிறுவென்று வந்து நின்றாள். அவளுக்கு ரத்தம் சூடாகிவிட்டிருந்தது.

"குப்பைக்குப் பக்கத்துல நாங்க எதுக்குப் போகணும்? முகூர்த்தம் இல்லாத மாசமெல்லாம் உங்க மண்டபம் சும்மாத்தான கெடக்கு. ஓரமா ஒரு இடம் இருக்கா, இல்லையா?"

"இடமில்ல, போ."

சொன்ன வாய் மூடுவதற்குள், மண்டபத்துச் சுவரும் பக்கத்து ரேசன் கடைச் சுவரும் கொட்டாவி விடுகிற வாய் மாதிரி பிரிந்து, நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்குச் செக்கச்செவேலென்று மண் பிறந்தது. கோடை மழை பெய்து ஓய்ந்த வாசம் தெருவெல்லாம் அடித்தது. ரேசன் கடை வரிசையில் நின்றவர்கள் கடையோடு சேர்ந்தே நகர்ந்து போய், நின்ற வரிசை மாறாமல் நின்றார்கள். பெருமாள் அந்த மண்ணைப் பார்த்தார், ஞானப்பூவைப் பார்த்தார், மறுபடியும் மண்ணைப் பார்த்தார். வியாபாரம் தெரிந்த மனுசர்.

"ஏம்மா, இன்னொரு தடவ கேளேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஊர் கற்றுக்கொள்ள அதிக நேரம் பிடிக்கவில்லை. தங்க இடமில்லாத ஒருத்தர் கேட்க வேண்டும். கொடுக்க முடிகிறவர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் மண் வளரும். வீடுள்ளவர்கள் வேசம் போட்டுப் போய்க் கேட்டால் ஒரு விரற்கடைகூட வளராது என்பதைப் பழைய இரும்புக் கடைக்காரர் தன் மச்சானைக் கிழிந்த வேட்டியோடு அனுப்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஆக, நேற்றுவரைக்கும் கண்ணில் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஊர், மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ அனுப்பியது. "மதினி, ஒரு எட்டு நம்ம கடைக்கு வந்து இடம் கேட்டுட்டுப் போங்க" என்று பரோட்டா கடைக்காரர் வடையும் டீயுமாக வந்து நின்றார். "எங்க வீட்டுல மொதல்ல கேட்டுட்டு அப்புறம் அங்க போங்க" என்று பாத்திரக் கடைக்காரரம்மா குறுக்கே விழுந்தாள். ரயில்வே கேட்டில் படுத்துக்கிடந்த முன்னாள் லாரி டிரைவர் மீரான் பாய்க்கு ஒரே நாளில் சவரம் நடந்து, புது லுங்கி வந்தது. அவர் வரிசையாய் எட்டுக் கடைகளில் கேட்டுவிட்டு வந்து, தொண்டை கட்டிப்போய், பனங்கற்கண்டுப் பால் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஊர் வீங்கியது. கடைக்கும் கடைக்கும் நடுவில், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில், சிவப்பு மண் பட்டை பட்டையாகப் பிறந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே கேட் தூரமாகிவிட்டது என்று ஆட்டோக்காரர்கள் கூலியைக் கூட்டினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தினமும் தாமதமாக வந்து, "வழி நீண்டுபோச்சு டீச்சர்" என்று சொல்ல, டீச்சரும் தான் அப்போதுதான் வந்து சேர்ந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே சுவருக்காக வருசக்கணக்காய்ச் சண்டை போட்ட இரண்டு ஓரகத்திகள், நடுவில் பெரிய வெளி விழுந்ததும் சண்டை போட ஆளில்லாமல் ஏங்கிப்போய், சாயங்காலமானால் ஆளுக்கொரு முறம் கடலையோடு அந்த வெளியின் நடுவில் சந்தித்து உரித்தார்கள்.

உலகம்மாள் இதையெல்லாம் சைக்கிளில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நகராட்சி ஜீப் இருந்தது. ஆனால் ஜீப்பில் போனால் மண் வாசம் முழுசாகக் கிடைக்காது என்று அவளுக்குத் தோன்றியது. பதினோராம் வார்டில் பெருமாளின் ஆட்கள் புது மண்ணைச் சுற்றிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும்தான் அவளுக்குச் சுருக்கென்றது. எல்லாக் கடைக்காரர்களும் அப்படித்தான் நட்டுக்கொண்டிருந்தார்கள். வளர்ந்த இடம் யாருடையது?

அன்றைக்கே சர்வேயர் கோயில்பிள்ளையையும் தாசில்தாரையும் ஆணையரையும் கூட்டிக்கொண்டு மண்டபத்து வாசலுக்குப் போனாள். ஊரே கூடிவிட்டது. சர்வேயர் அளந்தார். பெருமாளுக்குப் பட்டாவில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவும் அப்படியே இருந்தது. ரேசன் கடைக்கும் குறையவில்லை. நடுவில் பிறந்த மண்ணுக்குச் சர்வே எண்ணும் இல்லை, வரைபடத்தில் கோடும் இல்லை.

"எண்ணில்லாத இடம் யாருக்கு சார்?" என்று உலகம்மாள் கேட்டாள்.

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "யாருக்கும் பட்டா இல்லைன்னா புறம்போக்குதான். நகராட்சி எல்லைக்குள்ள இருக்கு. நகராட்சிக்குக் குடுத்துரலாம்" என்றார்.

உலகம்மாள் ஆணையர் ஹமீதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்காவது ஒரு துண்டு நிலத்துக்காக மன்றாடிக்கொண்டிருந்தவளுக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரிக்கு எதிரில், மார்க்கெட்டுக்கு நடுவில், எங்கெங்கே இல்லை என்றார்களோ அங்கெல்லாம், இல்லை என்ற அளவுக்கு மண் காத்துக்கொண்டிருந்தது.

"மேடம், ஒரே கட்டடமா ஊருக்கு வெளிய வேண்டாம். ஒவ்வொரு வார்டுலயும் கட்டுவோம். பெரிய தங்குமிடம் பஸ் ஸ்டாண்டு பக்கம். வீடுகள ஊருக்குள்ளயே பிரிச்சுப் போடுவோம். மார்க்கெட்டுல வேல கெடைக்கிறவன் மார்க்கெட்டுகிட்டயே இருக்கட்டும்" என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

"வரைபடத்த இன்னைக்கே மாத்தச் சொல்லுதேன்" என்றார் ஹமீதா. அவர் முகமும் சிவந்துவிட்டிருந்தது.

இது தெரிந்ததும் ஊர் ஒரு நாள் முழுக்க வாயடைத்துப்போனது. மறுநாள் வாய் திறந்தது. தெருவில் கிடந்தவர்களா நம் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பது? நம் பிள்ளைகள் போகிற பள்ளிக்கூடத்துக்கா அவர்கள் பிள்ளைகளும் போவது? வடை கொடுத்துக் கூப்பிட்டவர்களே மீரான் பாயைக் கண்டதும் ஷட்டரை இறக்கினார்கள். "அவுக கேட்டுத் தொலைச்சிறப் போறாக" என்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். கடைத்தெருவில் ஞானப்பூ நடந்து வந்தால் தெரு காலியானது. கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு ஒரே வாரம் இருக்கையில், பெரும்பாலான உறுப்பினர்கள் பெருமாள் பக்கம் போய்விட்டார்கள் என்று உலகம்மாளுக்குத் தகவல் வந்தது. அவளையே பதவியிலிருந்து இறக்கிவிடப் போவதாகவும் பேச்சு வந்தது.

பெருமாளுக்கோ வாக்கு மட்டும் போதவில்லை; புது யோசனை ஒன்றும் பிறந்துவிட்டிருந்தது. இல்லை என்று சொன்னால் மண் வளர்கிறது. அப்படியென்றால் இருக்கு என்று சொன்னால் சுருங்கித்தானே ஆக வேண்டும்? சுருங்கிவிட்டால் வீடும் இல்லை, திட்டமும் இல்லை. அதை ஊருக்கு முன்னாலேயே செய்து காட்டப் போவதாக ஒலிபெருக்கி கட்டி ஆட்டோவில் சொல்லவைத்தார்.

காலை வெயில் ஏறுவதற்குள் மண்டபத்து வாசலில் ஊரே திரண்டுவிட்டது. மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள், மாடியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள், சுக்குக்காபிக்காரர் இரண்டு கேன் வைத்துக்கொண்டார். உலகம்மாள் கூட்டத்தில் முன்னால் நின்றாள். பெருமாள் வெள்ளை வேட்டி சட்டையில் வாசப்படியில் நின்றுகொண்டு ஞானப்பூவைக் கூப்பிட்டார்.

"கேளும்மா. எப்பவும் கேக்கியே, அதயே கேளு."

ஞானப்பூ கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"அண்ணாச்சி, எங்களுக்கு ஒரு இடம் இருக்கா?"

பெருமாள் ஊரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய்ச் சொன்னார்.

"இருக்கு."

எல்லாரும் மண்ணைப் பார்த்தார்கள். மண் அசையவில்லை. ஓர் எறும்பு அதன் மேல் குறுக்கே போனது. அதுவும் மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. சுவர்கள் நின்ற இடத்தில் நின்றன. பெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருக்குன்னு சொல்லுதேன்ல" என்று இன்னும் சத்தமாகச் சொன்னார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

ஞானப்பூவைத்தான் யாரும் பார்க்கவில்லை. உலகம்மாள் மட்டும் பார்த்தாள். எத்தனையோ வாசலில் எத்தனையோ தடவை கேட்ட அந்தக் கேள்விக்கு அந்த ஒரு சொல்லைப் பதிலாகக் கேட்டு ஞானப்பூவின் காதுக்குப் பழக்கமே இல்லை. அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "சரி அண்ணாச்சி. இந்தா வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள்.

அவள் திரும்பி வந்தபோது தாவீதை மூன்று சக்கர வண்டியில் உட்கார வைத்து மீரான் பாய் தள்ளிக்கொண்டு வந்தார். தாவீதின் மடியில் இரண்டு பானையும் ஒரு போர்வை மூட்டையும் இருந்தன. கூட்டம் விலகி வழிவிட்டது. வண்டி வந்து வாசப்படியில் முட்டி நின்றது.

பெருமாள் மனசுக்குள் கணக்குப் போட்டார். இல்லை என்று சொன்னால் மண் இன்னும் வளரும், வளர்ந்தது நகராட்சிக்குப் போகும். இருக்கு என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லியாயிற்று. அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கோத்தது. மரத்தின் மேலிருந்து யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரிக்க, ஊருக்குச் சிரிப்பு பரவுகிற நேரத்தில், உள்ளேயிருந்து பெருமாளின் மனைவி செண்பகவடிவு வந்தாள். அதிகம் பேசாதவள்.

"இருக்குன்னு சொல்லியாச்சுல்லா? ஒடம்பு முடியாதவர வெயில்ல நிப்பாட்டிக்கிட்டு என்ன யோசன? கட்டிக்குடுத்த நம்ம பொண்ணு ரூமு காலியாத்தான கெடக்கு" என்று சொல்லி, வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

மறு பக்கத்தை யார் பிடிப்பது என்று ஒரு நொடி. பெருமாள் வேட்டியை மடித்துக் கட்டினார், குனிந்து பிடித்தார். ஊர் ஒரு சத்தம் போட்டது பாருங்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களுக்குத் தெரியாமல் என்ன திருவிழா என்று கேட்டுப் போன் பண்ணினார்கள்.

வாக்கெடுப்பு அன்றைக்கு அந்த அகண்ட அரங்கத்தில் உலகம்மாள் திட்டத்தை முன்வைத்தாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "நாம இல்லன்னு சொன்னதெல்லாம் வெளிய மண்ணாக் கெடக்கு. அத நெரப்புவோம்" என்று மட்டும் சொன்னாள். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றபோது முதலில் பெருமாளைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். அவர் உம்மென்ற முகத்தோடு கையைத் தூக்கினார். "வேற என்ன செய்யச் சொல்லுதீய? ஞானப்பூ கையால வைக்கிற மீன்கொழம்பத்தான் நாலு நாளா எங்க வீட்டுல சாப்பிடுதோம்" என்றார். மற்ற கைகள், சில உடனே, சில பக்கத்துக் கையைப் பார்த்துவிட்டு, மேலே போயின. இரண்டு பேர் கடைசிவரை தூக்கவில்லை. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அதற்குப் பிறகு கட்டடம் எழும்பின வேகத்தை என்ன சொல்ல! சிமெண்டும் கம்பியும் ஜல்லியும் வந்து இறங்க இறங்க, தாவீது மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்தபடியே கம்பி கட்டுகிறவர்களிடம் "இன்னும் ஒரு சுத்து இழு தம்பி" என்று கத்திக்கொண்டிருந்தான். அந்தச் சிவப்பு மண்ணில் அஸ்திவாரம் தோண்டத் தோண்ட மழை வாசம் குறையவே இல்லை; கொத்தனார்கள் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பெரிய தங்குமிடம் எழுந்தது. வார்டுக்கு வார்டு சின்ன வீடுகள் எழுந்தன. ஊரில் இல்லை என்று சொல்கிற பழக்கமும் மெல்லக் குறைந்துபோக, நிலம் வளர்வதும் நின்றது. ஆனால் வளர்ந்தது எதுவும் சுருங்கவில்லை. பெருமாள் வெளியூர் போகிற இடமெல்லாம், எங்கள் ஊரில் முதலில் இருக்கு என்று சொன்னவன் நான்தான் என்று சொல்லிக்கொண்டார். அது உண்மையும்தான்.

திறப்பு விழா வந்தது. வாழை மரம் கட்டி, நாதசுரமும் தவிலும் வைத்து, ஊரே புதுத்துணி உடுத்தி நின்றது. மேலே இருந்து ஒரு பெரிய அதிகாரி வந்துகொண்டிருப்பதாகவும், அவர் வந்து ரிப்பன் வெட்டிய பிறகு எல்லாரும் வீடுகளுக்குள் போகலாம் என்றும் ஏற்பாடு. ஆனால் அவர் கார் நீண்டுபோன ரயில்வே கேட் சாலையில் வந்துகொண்டே இருந்தது. வெயில் ஏறியது. தாவீது வண்டியில் உட்கார்ந்து தூங்கி விழுந்தான். உலகம்மாள் அவனைப் பார்த்தாள். ஞானப்பூவின் கையில் அவர்கள் வீட்டுச் சாவியைக் கொடுத்து, "நீங்க உள்ள போங்கக்கா, அவுக வரும்போது வரட்டும்" என்றாள்.

ஞானப்பூ ரிப்பனுக்குக் கீழே குனிந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. பிறகு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. மறுபடியும் திறந்து, மறுபடியும் போட்ட சத்தம். அதற்குப் பிறகு அது அசையவில்லை.

கார் வந்தது. அதிகாரி இறங்கினார். மாலை வந்தது, கத்தரிக்கோல் வந்தது, போட்டோக்காரர் வந்தார். "பயனாளி எங்க?" என்று கேட்டார்கள். யாரோ ஒருத்தர் கதவைத் தட்டக் கையை ஓங்கினார். உலகம்மாள் குறுக்கே போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். கதவு வெயிலில் சூடாக இருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பேர் தூங்குகிற மூச்சுதான்.

அவள் சிரிப்பை அடக்க முடியாமல், தவில்காரரைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள்.

"நாம கொஞ்சம் வெளிய நிப்போம்" என்றாள்.